ஆளைக் கேட்காதே, ஊரைக் கேள்!

கல்லூரி திறந்த முதல் வாரத்தில் நம் பிள்ளைகள் எழுதும் முதல் தேர்வுக்கு வினாத்தாள் கிடையாது. "எந்த ஊரு?" என்பது முதல் கேள்வி. "குடவாசல் பக்கம்." "குடவாசல் பக்கம்னா எங்க?" ஊர்ப் பெயரைச் சொன்னதும் மூன்றாவது கேள்வி வரும்: "அங்க எந்தத் தெரு?" கேட்பவர் சிரித்துக்கொண்டேதான் கேட்பார். ஆனால் மூன்றாவது பதிலுக்குப் பிறகு அந்த முகத்தில் வரும் சின்ன மாற்றத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்குத் தெரியும், அங்கே நடந்தது அறிமுகம் அல்ல, விசாரணை என்று.

நான் சமூகப்பணி முதுகலை படிக்கும் மாணவி. புதிதாகச் சேரும் மாணவர்களின் கூச்சத்தைப் போக்க ஓர் அறிமுக விளையாட்டை உருவாக்கி, ஆடிப் பார்த்து, அறிக்கை தர வேண்டும் என்று எங்களுக்கு ஒரு பாட வேலை வந்தது. 'ஐஸ் பிரேக்கர்' என்பார்களே, அதுதான். எங்கள் குழுவில் ஏழு பேர். பெரும்பாலும் குடவாசலைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் குடவாசலில் ஒரு தோழியின் வீட்டு மாடியில் கூடினோம். நிலம் உள்ள வீட்டுப் பிள்ளைகளும் எங்களில் உண்டு. அந்த நிலத்துக்கு நடவுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. நான் இரண்டாம் வகை. ஒரு விளையாட்டுக்குக் கேள்விச்சீட்டு எழுத உட்கார்ந்தவர்கள் எங்கே போய் நின்றோம் என்பதைத் தோழர்களோடு பகிர்ந்துகொள்வது பயனுள்ளது என்று நினைக்கிறேன்.

சாதியைக் காட்டாத கேள்வி உண்டா?

முதலில், நடப்பிலுள்ள அறிமுக விளையாட்டுகளில் கேட்கப்படும் கேள்விகளையெல்லாம் துண்டுச் சீட்டுகளில் எழுதித் தரையில் பரப்பினோம். ஒவ்வொரு சீட்டையும் எடுத்து, "இந்தப் பதிலை வைத்து, நம் வட்டாரம் தெரிந்த ஒருவரால் சாதியைக் கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்டோம். முடியும் என்றால் இடப்பக்கம், முடியாது என்றால் வலப்பக்கம்.

அப்பா என்ன செய்கிறார்? இடப்பக்கம். உங்களுக்கு எத்தனை மா நிலம்? இடப்பக்கம். குலதெய்வம் எது? ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என்ன குழம்பு? எந்தப் பள்ளியில் படித்தாய்? எந்த விடுதியில் தங்கியிருக்கிறாய்? எந்த நிறுத்தத்தில் பஸ் ஏறுவாய்? எல்லாம் இடப்பக்கம். பிடித்த படம்? யோசித்துவிட்டு இடப்பக்கம் போட்டோம். பிடித்த தலைவர்? சொல்லவே வேண்டாம். கடைசியில், பிடித்த நிறம். அதையாவது விட்டுவைக்கலாம் என்றாள் ஒருத்தி. கையில் கட்டும் கயிற்றுக்கே நிறம் பார்த்துச் சாதி சொல்லும் நாட்டில் எதை விட்டுவைப்பது? வலப்பக்கக் குவியலில் மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றைக் கேட்டு யாரும் யாரையும் தெரிந்துகொள்ளப் போவதில்லை.

ஏன் இப்படி? 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த சாதிப் பட்டங்களைத் தூக்கியெறியச் சொன்னது. தமிழர்கள் பெரும்பாலும் அதைச் செய்தார்கள். இந்தியாவின் பல பகுதிகளில் பெயரைக் கேட்டாலே கிடைக்கும் விவரம் இங்கே கிடைப்பதில்லை. அது பெரும் வெற்றிதான். ஆனால் பட்டம் போனதே தவிர, அதைத் தெரிந்துகொள்ளும் ஆசை போகவில்லை. பெயர் செய்த வேலையைத் தெருவிடம் கொடுத்துவிட்டார்கள்.

காவிரிப் படுகையில் தெருவைப் போல நம்பகமான சாட்சி வேறில்லை. அக்ரகாரம், குடியானத் தெரு, வயலுக்கும் வாய்க்காலுக்கும் அப்பால் சேரி என்று நில உறவுதான் இங்கே ஊர்களின் வரைபடத்தைப் போட்டது. பண்ணையாள் முறையில் குடிசை போட்ட மண்ணே மிராசுதாருக்குச் சொந்தம். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-ல்தான் வந்தது. குடியிருந்த மனையை உழைப்பவருக்கே உரிமையாக்கும் சட்டம் வர 1971 வரை ஆயிற்று. இன்று மனைக்குப் பட்டா இருக்கலாம், கான்கிரீட் வீடும் இருக்கலாம். வீடு நிற்கும் இடம் பெரும்பாலும் மாறவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி திருவாரூர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பட்டியலினத்தவர். மூன்றில் ஒருவரை ஒற்றைக் கேள்வியில் பிரித்தெடுக்க முடிகிறது என்றால், அந்தக் கேள்வி சாதாரணக் கேள்வி அல்ல.

எங்கும் ஒரே கேள்விதான்

இது கிராமத்துச் சங்கதி, பெரிய நிறுவனங்களில் இதெல்லாம் கிடையாது என்று யாரும் எண்ண வேண்டாம். மும்பை ஐஐடியில் இதே கேள்விக்கு வேறு சட்டை. அங்கே "உன் ரேங்க் என்ன?" என்று கேட்பார்கள். நுழைவுத்தேர்வுத் தர எண்ணைச் சொன்னால் இடஒதுக்கீட்டில் வந்தவரா என்பது தெரிந்துவிடும். 2023 பிப்ரவரியில் முதலாண்டு மாணவர் தர்ஷன் சோலங்கியின் உயிர் அங்கே போனது. சாதிப் பாகுபாடு பற்றிய கேள்விகள் நாடெங்கும் எழுந்தன. அவ்வாண்டு ஜூலையில் அந்நிறுவனம் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. சக மாணவரின் தர எண்ணையோ, சாதியை வெளிப்படுத்தக்கூடிய வேறு விவரங்களையோ கேட்பது முறையல்ல என்றது அது. நாட்டின் தலைசிறந்த மாணவர்கள் என்று சொல்லப்படுபவர்களுக்கு, எதைக் கேட்கக் கூடாது என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது!

அடுத்த மாதமே நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் அவரோடு படித்த மாணவர்கள். அதன் பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், பொட்டு வேண்டாம், பள்ளிகளின் பெயரில் சாதி அடையாளம் வேண்டாம் என்பவை அதன் பரிந்துரைகளில் சில. 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஜூலையில் மாணவர் விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாறியது. அக்டோபரில் தெருப் பெயர்களிலுள்ள சாதிப் பெயர்களை நீக்க அரசாணை வந்தது.

இவை அனைத்தையும் வரவேற்கிறேன். என் முகவரியில் 'காலனி' இருந்தது. அந்தச் சொல் ஒரு விண்ணப்பத்தில் எழுதப்படும்போது கை எப்படித் தயங்கும் என்பது எழுதியவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் பெயரை மாற்றிய தெருவுக்கும் பஸ் நிறுத்தம் பழைய இடத்தில்தான். "அந்த வாய்க்காலுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?" என்று கேட்டுவிட்டால் போதும்.

மறைப்பதா, சொல்வதா?

எங்கள் குழுவில் பெரிய வாக்குவாதம் இங்கேதான் வெடித்தது. அது ஆதிக்க சாதி மாணவருக்கும் பட்டியலின மாணவருக்கும் இடையில் நடந்ததல்ல. எனக்கும், என்னைப் போலவே சேரியிலிருந்து வந்த இன்னொரு தோழருக்கும் இடையில் நடந்தது.

அவர் சொன்னார்: "எனக்கு ரெண்டு வருசம் நிம்மதியா படிக்கணும். தெரிஞ்சா நிம்மதி போயிடும். சாதியைக் காட்டுற சீட்டு ஒண்ணுகூட இருக்கக் கூடாது."

நான் சொன்னேன்: "நான் எதுக்கு மறைக்கணும்? என் தெருவுல என்ன தப்பு இருக்கு? அதைக் கேட்டதும் மாறுற மூஞ்சியில இருக்கு தப்பு."

அவர் சிரித்துக்கொண்டே, "மூஞ்சி மாறுறவரைக்கும் என்னை எங்க உட்கார வைப்ப?" என்றார்.

நிலவுடைமை வீட்டிலிருந்து வந்த தோழி ஒரு யோசனை சொன்னாள். வெளிநாட்டுக் கல்லூரிகளில் நடத்தப்படும் ஒரு பயிற்சி. எல்லோரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். "உன் பெற்றோர் கல்லூரிக்குப் போனவர்களா? ஓர் அடி முன்னே வா. பட்டினி கிடந்ததுண்டா? ஓர் அடி பின்னே போ" என்று சொல்லிக்கொண்டே போவார்கள். முடிவில் யாருக்கு எவ்வளவு வசதி என்பது கண்முன் தெரியும். அவள் நல்ல மனத்தோடுதான் சொன்னாள். ஆனால் யோசித்துப் பாருங்கள். முன்னே நிற்பவர்கள் திரும்பிப் பார்த்து ஞானம் பெறுவதற்காக, பின்னே நிற்கும் பிள்ளை பாடப்புத்தகம் ஆக வேண்டுமா? ஊரில் ஒதுங்கி நின்றது போதாது என்று வகுப்பிலும் நிற்க வேண்டுமா?

1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை தன் வகுப்புக் குழந்தைகளைக் கண்ணின் நிறத்தை வைத்துப் பிரித்தார். ஒரு நாள் நீலக் கண் உயர்ந்தது, இன்னொரு நாள் பழுப்புக் கண் உயர்ந்தது. பாகுபாட்டின் வலியைக் குழந்தைகள் உணர்ந்தார்கள் என்று உலகமே அதைப் பேசியது. அதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த வகுப்பிலிருந்த குழந்தைகள் அனைவரும் வெள்ளையர்கள். ஒரு கறுப்பினக் குழந்தையைக் காட்சிப்பொருளாக்கி அவர் பாடம் நடத்தவில்லை. நம் வகுப்பறைகள் கலந்தவை. இங்கே அந்த ஆட்டத்தை அப்படியே கொண்டுவந்தால் பட்டவருக்கே மறுபடியும் படும்.

மறைத்தால் சாதி பத்திரமாக இருக்கிறது. சொல்ல வைத்தால் சொன்னவர் பத்திரமாக இல்லை. இரண்டிலும் கேட்பவருக்கு ஒன்றும் நேர்வதில்லை. சிக்கல் பதிலில் இல்லை, கேட்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதில் இருக்கிறது என்று எங்களுக்குப் புரிந்தது அப்போதுதான்.

விதி யார் கையில்?

விளையாட்டு என்றாலே அப்பாவி சமாச்சாரம் என்று நினைக்கிறோம். வைகுண்ட ஏகாதசி இரவில் நம் வீடுகளில் உருளும் பரமபதத்தில் ஏணிக்குப் புண்ணியம் என்று பெயர், பாம்புக்குப் பாவம் என்று பெயர். மேலே இருப்பவன் செய்த வினையால் மேலே இருக்கிறான், கீழே இருப்பவன் செய்த வினையால் கீழே இருக்கிறான் என்ற தத்துவத்தைத் தாயக்கட்டை வழியாகவே ஊட்டிவிடலாம். இன்னொரு கதையும் உண்டு. எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண், நில உடைமையும் வாடகையும் எப்படிச் சிலரைக் கொழுக்க வைத்துப் பலரை ஓட்டாண்டி ஆக்குகின்றன என்று காட்ட 'நிலக்கிழார் ஆட்டம்' ஒன்றை உருவாக்கி 1904-ல் காப்புரிமை பெற்றார். அந்த ஆட்டத்தின் வழிவந்ததுதான் 1935-ல் சந்தைக்கு வந்த மோனோபொலி. நிலக்கிழாரை அம்பலப்படுத்தப் பிறந்த ஆட்டம், நிலக்கிழார் ஆவது எப்படி என்று கற்பிக்கும் ஆட்டமாகிவிட்டது. விதியை யார் எழுதுகிறார்கள் என்பதே ஆட்டம்.

ஆகவே நாங்கள் சீட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் விதிகளை எழுதினோம்.

முதல் விதி: எந்தச் சீட்டை எடுத்தாலும் கேட்பவர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகே அடுத்தவரிடம் கேட்கலாம்.

இரண்டாம் விதி: சீட்டில் 'நீ', 'உன் அப்பா', 'உன் வீடு' என்ற சொற்கள் இருக்காது. கேள்வி ஊரைப் பற்றியதாக இருக்கும். தேர் எந்தத் தெரு வரை வரும், எங்கே திரும்பிவிடும்? ஊரில் எத்தனை சுடுகாடு, அவற்றுக்குப் போகும் பாதை எது? கோயில் திருவிழாவுக்கு யாரிடம் வரி வாங்குவார்கள், யாரிடம் வாங்க மாட்டார்கள்? கூலி கடைசியாக எப்போது உயர்ந்தது, அதற்காக யார் போராடினார்கள்? குளத்தில் எத்தனை படித்துறை?

மூன்றாம் விதி: பிடிக்காத சீட்டை யாரும் மடக்கி வைக்கலாம். காரணம் கேட்கக் கூடாது. இது என் தோழருக்காக எழுதப்பட்ட விதி.

ஆடிப் பார்த்தபோது

முதலில் எங்களுக்குள் ஆடினோம். பிறகு இளங்கலை மாணவர்கள் ஒரு டஜன் பேரைச் சேர்த்துக்கொண்டு ஆடினோம். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் விதிகளைத் திருத்தினோம்.

கேட்பவர் முதலில் சொல்ல வேண்டும் என்ற விதி உடனே வேலை செய்தது. வேடிக்கை என்னவென்றால், வாழ்நாளில் சாதியைப் பற்றி ஒரு கேள்விக்கும் ஆளாகாதவர்கள்தான் அதிகம் திணறினார்கள். நாங்கள் சிறு வயதிலிருந்தே பதில் சொல்லிப் பழகியவர்கள்!

மடக்கும் விதியில் ஓர் ஓட்டை தெரிந்தது. சுடுகாட்டுச் சீட்டை மடக்கி வைப்பவர் யார் என்று மற்றவர்கள் கவனித்தார்கள். மௌனமே முகவரி ஆகிவிட்டது. எனவே எல்லோரும் குறைந்தது இரண்டு சீட்டுகளை மடக்கியே ஆக வேண்டும் என்று விதியை மாற்றினோம். அதன் பிறகு மடக்குவதிலிருந்து யாராலும் எதையும் படிக்க முடியவில்லை. என் தோழர் அன்றுதான் நிம்மதியாக உட்கார்ந்து ஆடினார். மூன்று சீட்டை மடக்கினார். நான்காவதை மடக்காமல், தானாகவே பேசினார்.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. "தெரியாது" என்ற பதில். தேர் எங்கே திரும்பும்? தெரியாது. அவங்க சுடுகாடு எங்கே? தெரியாது. இந்தத் 'தெரியாது'வைப் பெரும்பாலும் யார் சொன்னார்கள் என்று பார்த்தால், தேர் தன் தெருவுக்கு வருபவர்கள்தான். தேர் வராத தெருவில் பிறந்த ஒருவருக்கும் அது எங்கே திரும்பும் என்று தெரியாமல் இல்லை. அறியாமையும் இங்கே ஒரு சொத்து, அதுவும் பரம்பரைச் சொத்து. ஆகவே நான்காம் விதி: தெரியாது என்பவர் தெரிந்துகொண்டு வந்து அடுத்த வாரம் சொல்ல வேண்டும். யாரைக் கேட்டாலும் சரி, கூட ஆடும் பட்டியலின மாணவரைக் கேட்கக் கூடாது. கற்றுக்கொடுக்கும் சுமையையும் அவர் தலையில் ஏற்றக் கூடாது அல்லவா?

ஓர் இளங்கலை மாணவர் அடுத்த வாரம் வந்தார். நிலம் உள்ள வீடு. சுடுகாட்டுப் பாதை பற்றி வீட்டில் கேட்டிருக்கிறார். அப்பா, "அதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்று முடித்துவிட்டார். அப்பாயிதான் சொல்லியிருக்கிறார். அவர் எங்களிடம் சொன்னது இவ்வளவுதான்: "அவங்களுக்குப் பாதையே இல்லையாம். கோடையில வரப்பு வழியா தூக்கிட்டுப் போவாங்களாம். சம்பா நேரத்துல நட்ட வயல்ல இறங்கித்தான் போகணுமாம். அந்த வயல் எங்களோடது."

மாடியில் யாரும் பேசவில்லை. எங்கள் தாத்தாவை அப்படித்தான் முழங்கால் சேற்றில் தூக்கிப் போனார்கள். நான் அதைச் சொல்லவில்லை. சொல்லியே ஆக வேண்டிய அவசியம் அந்த ஆட்டத்தில் எனக்கு இல்லை. சொல்ல வேண்டியவர் சொல்லிவிட்டார்.

ஆட்டத்துக்கு வெளியே

ஒரு சீட்டாட்டம் சாதியை ஒழித்துவிடும் என்று சொல்லும் அளவுக்கு நான் வெகுளி அல்ல. சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி உணர்வு சாகவில்லை என்று 1936-லேயே 'சாதி ஒழிப்பு' உரையில் அண்ணல் அம்பேத்கர் எழுதிவிட்டார். லாகூர் மாநாட்டுக்காக எழுதப்பட்டு, அங்கே பேச விடாமல் தடுக்கப்பட்ட உரை அது. அகமணமும் அதைப் புனிதமாக்கும் சாத்திர நம்பிக்கையும் இருக்கும்வரை சாதி இருக்கும் என்பதே அவர் முடிவு. எங்கள் ஆட்டம் முடிந்த பிறகு நாங்கள் குறித்து வைத்தது புள்ளிகளை அல்ல. மதியம் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள், யாருடைய பாட்டிலில் யார் தண்ணீர் குடித்தார்கள் என்பதைத்தான். முதல் நாள் பழைய கூட்டம் பழைய இடத்திலேயே உட்கார்ந்தது. மூன்றாவது வாரம் இரண்டு பேர் இடம் மாறினார்கள். அவ்வளவுதான் எங்கள் வெற்றி.

ஆனால் அதே உரையில் அண்ணல் இன்னொன்றும் சொல்கிறார். ஒரு சமூகத்தில் ஒரு பகுதிக்கும் மற்றப் பகுதிக்கும் இடையே தடையின்றிப் பழகும் வழிகள் பல இருக்க வேண்டும் என்கிறார். கல்லூரியின் முதல் வாரம் அப்படிப்பட்ட ஒரு வழி. வாய்க்காலின் இரு கரைகளிலும் வளர்ந்த பிள்ளைகள் வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஒரே பெஞ்சில் உட்காரும் வாரம் அது. அந்த வாரத்தை விசாரணைக்கு விட்டுக்கொடுத்தால் அடுத்த மூன்றாண்டுகளுக்கும் சேர்த்து விட்டுக்கொடுக்கிறோம்.

ஆகவே கல்லூரிகளிடம் கேட்பதற்குச் சில இருக்கின்றன. அறிமுக நிகழ்ச்சியை மூத்த மாணவர்களின் விருப்பத்துக்கு விடாமல், என்ன கேட்கப்படும் என்பதை ஆசிரியர்கள் முன்கூட்டியே பார்க்க வேண்டும். உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் உரக்க வாசிக்கும் வழக்கம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் நிற்க வேண்டும். சமவாய்ப்புப் பிரிவும் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012-லேயே விதி வகுத்தது. உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார்? அவர் அறை எங்கே? முதல் நாளே மாணவருக்கு அதைச் சொல்ல வேண்டும்.

நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதும் உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காகக் கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு எரித்தார்கள். குடவாசலிலிருந்து வெகு தூரம் இல்லை. எரிந்தவர்கள் எந்தத் தெரு என்று இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். எரித்தது எந்தத் தெரு என்று ஊரைப் பார்த்துக் கேட்கும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை. அந்தப் பழக்கத்தை வகுப்பறையிலிருந்து தொடங்குவோம். அடுத்த ஜூனில் புதிய பிள்ளைகள் வருவார்கள். சீட்டுகளை நறுக்கி வைத்திருக்கிறோம். வேண்டுவோர் எடுத்து ஆடலாம், விதிகளைத் திருத்தலாம். முதல் விதியை மட்டும் மாற்ற வேண்டாம்: கேட்பவர் முதலில் சொல்லட்டும்.